மடித்து அளந்த வழி

1

"அது என் குடை பாப்பா—"

"குடை இல்லப்பா, கம்பி. வெறும் கம்பி—"

"துணி போட்டா குடைதானே—"

"எப்பப் போடுவீங்க, நாளைக்கு அம்மா வந்துடுவாங்க—"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது, மாடிப்படியில், ஒரு பேச்சின் மேல் இன்னொரு பேச்சு ஏறி மிதித்துக்கொண்டு. எதிர்வீட்டு மகள் ஒரு மூட்டையைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அதே மூட்டையின் மறுமுனையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். நான் என் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லமாட்டேன். படிக்கட்டில் சண்டை போடுகிறவர்கள் நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் போடுகிறார்கள்.

(மகளின் மூக்கு எப்படி, புடவை என்ன நிறம் என்றெல்லாம் கேட்காதீர்கள். எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும்.)

விஷயம் இதுதான். மகளின் அம்மா, அதாவது அந்த மனிதரின் மனைவி, குளியலறைக்குப் போகிற வழியில் பழைய செய்தித்தாள் கட்டின் மேல் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, நாலு கால் வைத்த வாக்கரோடு வீட்டுக்கு வரப்போகிறார். தினமும் நடக்கவேண்டும், எதிலும் இடிக்கக்கூடாது, இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசலிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒரு வழி வேண்டும். இந்தக் கதையில் யாருக்கும் வேறெதுவும் வேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்த வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞாபகம்—"

பொய். அடித்துவிட்டேன்.

அடுத்து: "இழப்பதற்கு அஞ்சிய ஒரு மனிதர்—"

இதுவும் வேண்டாம். ஆனால் பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடித்திருந்தது. தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அந்த மனிதர் ஏன் இப்படிப் பழைய சாமான்களைச் சேர்க்கிறார் என்பதற்கு ஒரு காரணம் வைக்கச் சொன்னார். சின்ன வயதில் பட்டினி, செத்துப்போன தம்பி, அந்த மாதிரி ஏதாவது. "அவர்மேல இரக்கம் வரணும்மா. இல்லன்னா வெறும் குப்பைக் கதையாப் போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோடியில்லாத ஒற்றைச் செருப்பு என்ன ஞாபகத்தை வைத்திருக்கிறதாம்? மிக்ஸி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் இருக்கிற அதன் மூடி? மூடியில்லாத டப்பாக்கள் ஒரு பக்கம், டப்பாவில்லாத மூடிகள் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இத்தனைக்கும் நடுவே ஒரு பெண் உட்கார இடமில்லாமல் கட்டில் ஓரத்தில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். சேர்க்கிறவரின் மனசுக்குள் போய்ப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. தூசி தட்டுகிறவருக்கும் ஒரு மனசு இருக்கும் என்று யாருக்காவது தோன்றியதா?

காரணம் வைக்கமாட்டேன். இரக்கம் வேண்டுமென்றால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

3

அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல் 'இருக்கட்டும்'.*

உடைந்த நாற்காலியை எடுத்தால் இருக்கட்டும். காலாவதியான மருந்தை எடுத்தால் இருக்கட்டும். சாப்பாட்டு மேசை பரண் ஆயிற்று, துணி துவைக்கும் இயந்திரம் அலமாரி ஆயிற்று. உறவுக்காரர்கள் வருவது நின்றது. அழைப்பு மணி அடித்தால் அந்த அம்மாள் வெளியே வந்து, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு பேசுவார். "உள்ள வாங்க" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதேயில்லை.

பிறகு அந்த நடை. மூன்று பேருமே ஒரு தோளை முன்னால் நீட்டி, வயிற்றை எக்கி, பக்கவாட்டில்தான் நடப்பார்கள். மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆள் இல்லாத கடைக்குள்ளும் அவள் அப்படித்தான் போகிறாளாம். யாருக்கு வழி விடுகிறாய் என்று முதலாளி கேட்டுச் சிரித்திருக்கிறார். அவள் அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

* இதே சொல்லைத்தான் அந்த அம்மாளும் சொல்வார், வேறு பொருளில். "இப்படியெல்லாம் பண்றாரே, நீங்க ஒண்ணும் கேக்கறதில்லையா?" என்றால், "இருக்கட்டும்" என்பார். ஒருவர் விடமாட்டேன் என்பதற்குச் சொல்ல, இன்னொருவர் விட்டுக்கொடுப்பதற்குச் சொல்ல, ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தது. குடித்தனமும் ஓடியது.

4

இனி இந்த அப்பா பாத்திரத்தின் மேல் எனக்குள்ள சந்தேகம்.

படிக்கட்டுச் சண்டையில் கடைசியில் அப்பா கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். மகள் எதையும் தொடக்கூடாது என்றும், வழியைத் தானே செய்து வைப்பதாகவும் சொன்னார். மகள் புது வாக்கரை அளப்பதற்காக அவரிடம் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். மாலை முழுக்க எதிர்வீட்டில் இழுக்கிற சத்தம், அடுக்குகிற சத்தம். முடித்துவிட்டு என் கதவைத் தட்டிச் சொன்னார்: "அளந்து பண்ணியிருக்கேன். ரெண்டு பக்கமும் ஒரு விரல் மிச்சம்."

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கூண்டின் அகலம், கதவின் அகலம், எத்தனை பேர் ஏறலாம் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கணக்கு. நானும் நம்பினேன்.

அவர் வாக்கரை மடித்து வைத்து அளந்திருந்தார்.

நம்பும்படி இல்லை என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த வரியை அடித்தேன், திரும்ப எழுதினேன், மறுபடி அடித்தேன். வேண்டுமென்றே செய்தாரா என்றுகூட யோசித்தேன். அப்படி எழுதினால் கதை சுலபம், வில்லன் கிடைத்துவிடுவான். ஆனால் என் கதவைத் தட்டியபோது அவர் குரலில் இருந்த பெருமை நிஜம். அப்புறம்தான் புரிந்தது. அந்த வீட்டில் விரித்து வைத்த பொருள் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் மடித்து, தட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்தவை. ஒரு பொருளின் அளவு என்றால், அதை எடுத்து வைத்திருக்கும்போது உள்ள அளவு. அவருக்கு வேறு அளவு தெரியாது.

இது புரிந்ததும் கோபம் தணியும் என்று எதிர்பார்த்தேன். கூடியது.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அவர் தவறை உணர்ந்து அழுகிறார், எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுகிறார். எழுதினேன், கிழித்தேன், குப்பையில் போட்டேன். (பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்.)

அவர் இல்லாத நேரம் பார்த்து மகள் பழைய சாமான் வண்டியைக் கூப்பிடுகிறாள். நடக்கலாம். நடந்தால் அவர் பழைய சாமான் கடைக்கே போய்ப் பாதியைத் திரும்ப வாங்கி வருவார், மீதிக்காக ஏங்கிப் படுத்துக்கொள்வார். இடுப்பொடிந்த மனைவி எழுந்து அவருக்குப் பணிவிடை செய்யவேண்டியிருக்கும்.

மூன்றாவது, நான் எதுவும் எழுதாவிட்டால் தானாகவே நடக்கக்கூடியது: அந்த அம்மாள் வாக்கரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு—

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். என் பேனா அந்த வீட்டுக்கு வேலை பார்க்க வரவில்லை.

6

மறுநாள் காலையில் மகள் வாசலோடு வாக்கரை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். பிறகு லிஃப்ட் திறந்தது. வாக்கர் தரையில் ஊன்றி ஊன்றி வரும் சத்தம் எதிர்வீட்டு வாசல்வரை வந்து நின்றது. நான் கதவைத் திறந்தேன். வாசலுக்கு அப்பால் செய்தித்தாள்கள் இருபுறமும் ஆள் உயரத்துக்கு, சுவர்போல நேராக. நடுவில் ஒரு சந்து. சந்தின் மறுமுனையில் அவர்.

"இடிக்குதுப்பா," என்றாள் மகள்.

"விரிச்சா இடிக்கத்தான் செய்யும். மடிச்சுக்கச் சொல்லு."

"மடிச்சா அம்மா எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க?"

அவர் பக்கத்து அடுக்கைத் தட்டிக் காட்டினார். "பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு வரட்டும். நல்லா கெட்டியாத்தான் அடுக்கியிருக்கேன்."

மகள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

நான் உள்ளே போய் என் நாற்காலியைத் தூக்கிவந்து நடைவெளியில் போட்டேன். கதை எழுதுகிறவர் கதைக்குள் நுழையக்கூடாது என்பார்கள். நாற்காலி நுழையலாம். அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பி, உட்கார்ந்து, வாக்கரை அகல விரித்தபடி முன்னால் வைத்துக்கொண்டார்.

அவர் அடுத்துக் கணவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதற்கு என்ன பதில் வந்தது என்பதை எழுதமாட்டேன். உங்கள் வீட்டுச் சந்தின் மறுமுனையிலும் யாராவது நின்றுகொண்டிருக்கலாம்; அல்லது அங்கே நிற்பது நீங்களாக இருக்கலாம். பதில் உங்கள் பொறுப்பு.

"நான் உள்ள வரலைங்க. நீங்க வெளிய வாங்க."