ஃபென்விக் துரைசானியின் படங்களில் ஆள் இறங்கிய வரலாறு

குன்னூர் மேட்டு வாசகசாலையில் நூறு வருடத்துக்கும் மேலாகத் தொங்கும் ஃபென்விக் துரைசானியின் தேயிலைத் தோட்டப் படங்களில் ஆட்கள் வரத் தொடங்கியது, தபித்தாளின் முதல் நாவல் அச்சாகி வந்த வாரத்தில். கேரட் அடிமாட்டு விலைக்கு விழுந்திருந்த வாரம் அது. ஊரே அந்தக் கவலையில் கிடந்ததால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வாசகசாலையைத் திறந்து மூடும் சுப்பண்ணன்தான் முதலில் பார்த்தார். வாசலுக்கு நேரே மாட்டிய பெரிய படத்தில், அதுவரை வெறும் தேயிலை மட்டுமே இருந்த சரிவில், நீல நைலெக்ஸ் சேலை கட்டிய ஒருத்தி இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சுப்பண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அன்றைய செய்தித்தாள்களை மேசையில் அடுக்கினார். சாயங்காலம் பூட்டப் போனபோது அவள் இல்லை. மறுநாள் காலையில் வந்திருந்தாள். வேலைக்கு வருகிற பொம்பளை பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகாமல் என்ன செய்வாள் என்று அவரும் அதை அத்தோடு விட்டுவிட்டார்.

தபித்தாள் யாரென்று மலையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுவோம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஆறு வயதில் தாயின் கையைப் பிடித்துக் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கிப் பந்தலூரில் வந்து விழுந்தவள். அவளுக்குப் பெயர் வைத்தது ஹட்டன் தோட்டத்துக்கு ஞாயிறுதோறும் வந்துபோன கிறிஸ்தவ ஊழியக்காரர். தாய் மட்டும் கடைசிவரை மூக்கம்மாவாகவே இருந்துவிட்டாள். தகப்பன் கப்பலைப் பார்க்காமலே காய்ச்சலில் போய்விட்டான். மூக்கம்மா கொழுந்து பறித்த கையால்தான் மகள் கூடலூரில் பள்ளிக்கூடம், கோயம்புத்தூரில் கல்லூரி, சென்னையில் ஓவியக்கலை வரலாறு என்று படித்துக்கொண்டே போனாள். “படத்தப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா புள்ள? கண்ணு இருந்தா பத்தாதா?” என்று மூக்கம்மா கேட்டாளாம். கேட்டாளே தவிர, ஒரு நாளும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்தப் படிப்புதான் தபித்தாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஃபென்விக் துரைசானி ஒரு தோட்டத் துரையின் மனைவி. பிள்ளை குட்டி கிடையாது, பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. குன்னூரின் பனியையும் வெயிலையும் வருடக்கணக்காக எண்ணெய்ச் சாயத்தில் தீட்டி, ஒரு சுவர் நிறையப் படங்களை வாசகசாலைக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனாள். மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, தேயிலை இருக்கிறது, பங்களா நாய்கூட இரண்டு இடத்தில் படுத்திருக்கிறது. எந்தப் படத்திலும் ஒரு கூலியாள் கிடையாது. தபித்தாள் ஒரு கோடைகாலம் முழுவதும் அந்தப் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்து அதைத்தான் எழுதினாள். பறித்த கைகளைத் துரைசானி தன் தூரிகையாலேயே துடைத்தெறிந்துவிட்டாள் என்று எழுதினாள். ‘ஆளில்லா மலை’ என்று அது புத்தகமாக வந்து, தில்லிக்கும் லண்டனுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனது. கோபத்தில் எழுதிய புத்தகம், நியாயமான கோபம். படித்த பெரிய மனிதர்களுக்குச் சுருக்கென்று தைத்தது.

கோபம் அதோடு தீரவில்லை. படத்தில் விட்டுப்போனவர்களைக் கதையிலாவது கொண்டுவருவோம் என்று நாவல் எழுத உட்கார்ந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், தபித்தாள் தன் பேனாவால் கெட்டாள். முதல் நாவலின் நாயகி நீல நைலெக்ஸ் சேலையோடு பெரிய படத்தில் வந்து நின்றாள். இரண்டாவது நாவல் ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றியது. அது வெளிவந்ததும் பங்களா படத்தின் வாசலில் ஒரு கூட்டம் கைகட்டி உட்கார்ந்துவிட்டது, நாய் எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டது. மூன்றாவது நாவலுக்குப் பிறகு எந்தச் சரிவையும் வெறுஞ்சரிவு என்று சொல்ல முடியாதபடி ஆள் நிறைந்தது. விடுமுறையில் வந்த தபித்தாள் இதைப் பார்த்து முதலில் வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு அங்கேயே அழுதாள், அதற்கும் பிறகு பயந்தாள். ஆளில்லை என்று உலகத்துக்கெல்லாம் நிரூபித்தவள், ஆள் வந்துவிட்டது என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வாள்?

“நானென்னத்துக்குங்கம்மா வெளிய சொல்றேன்? அவுங்க பாட்டுக்கு வந்து வேலை பாத்துட்டுப் போறாங்க” என்றார் சுப்பண்ணன்.

ஊரும் சொல்லவில்லை. ஆய்வாளர்களோ படத்தைப் பார்க்க மலையேறுவதில்லை, தபித்தாளின் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்படியே வருடங்கள் ஓடின. தபித்தாள் சென்னையில் ஒரு கல்லூரியில் பேராசிரியை ஆனாள், ஆளில்லாத படங்களைப் பற்றி ஆள் நிறைந்த மண்டபங்களில் பேசினாள், இரண்டு வருடத்துக்கு ஒரு நாவல் எழுதினாள். குன்னூரில் பத்திரிகை படிக்க வருகிறவர்களுக்குப் படங்கள் பழகிப்போயின. படத்துக்குள் மழை பிடித்தால் சட்டத்தின் அடியில் ஈரம் கசியும், சுப்பண்ணன் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போடுவார். மே மாத வெயிலில் பச்சைக் கொழுந்து வாசம் ஆளைத் தூக்கும். ஓய்வு பெற்ற தோட்டத்து சூப்பர்வைசர் ஒருவர் தினமும் வந்து, முற்றின இலையெல்லாம் கூடைக்குப் போகிறது என்று படத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார். பறிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மூக்கம்மா இறந்தது ஒரு ஆடி மாத மழையில். சென்னையிலிருந்து மகள் வந்து சேர்வதற்குள் கூடலூர்ப் பாதையில் மண் சரிந்து, அடக்கம் முடிந்துவிட்டது. அந்தத் துக்கம் தபித்தாளை விடவே இல்லை. எத்தனையோ பேரின் தாயை எழுதியவள் தன் தாயை எழுதப் பத்து வருடம் தவித்தாள். எழுத உட்கார்ந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஓய்வு பெற்றுக் குன்னூரில் ஒரு சின்ன வீடு எடுத்துத் தங்கிய பிறகுதான் அந்த நாவலை முடித்தாள். அது அச்சாகி வந்த திங்கட்கிழமை காலை, சுப்பண்ணன் கதவைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து “பொலியோ பொலி” என்று ஒரு குரல் கேட்டது. இலங்கைத் தோட்டங்களில் புதிதாக ஒரு தேயிலை நிரையில் கை வைக்கும்போது, முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போட்டு இப்படிக் கூவுவார்கள். ஜன்னலோரத்துச் சின்னப் படத்தில், சட்டத்தை ஒட்டிய நிரையில் மூக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்த தபித்தாள் படத்துக்கு முன்னால் மதியம்வரை நின்றாள், தாய் மதியம்வரை பறித்தாள். வேலை நேரத்தில் பேசினால் மூக்கம்மாவுக்கு எப்போதுமே பிடிக்காது. அதன்பின் தபித்தாள் அங்கே வராத நாளில்லை.

இப்படியே காலம் போயிருக்கும். வினை அவளுடைய புத்தகத்தின் உருவத்திலேயே வந்தது. ‘ஆளில்லா மலை’ வெளியாகி முப்பது வருடம் ஆனதைக் கொண்டாட, துரைசானியின் படங்களைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பெரிய கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. புத்தகத்தின் பெயர்தான் கண்காட்சிக்கும் பெயர். தபித்தாளுக்கு ஒரு பட்டமும் தருவதாக இருந்தது. வாசகசாலைச் செயலாளர் தேவநேசன், பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சந்தோஷத்தில் ஜன்னல் திரைகளைக்கூட மாற்றிவிட்டார். படங்களைச் சுத்தம் செய்ய ரவிக்குமார் என்ற இளைஞரைச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். அவர் தன் விளக்குகளை ஏற்றி இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தபித்தாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“சாயம் பழசுதாங்க மேடம்” என்றார் ரவிக்குமார். “இலையைப் போட்ட கையோட ஆளையும் போட்ட மாதிரிதான் தெரியுது. ஆனா சேலையப் பாருங்க, நைலெக்ஸ்! அந்தக் காலத்துல ஏது? யாரோ பின்னாடி கைவரிசையைக் காட்டியிருக்காங்க. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாரையும் எடுத்துடலாம்.”

தேவநேசன் அவசரமாகச் சேர்ந்துகொண்டார். “ஏனுங்கம்மா, இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க? நீங்க எழுதுன புத்தகத்துக்குத்தானுங்க இந்தக் கண்காட்சியே. ஆளில்லா மலைன்னு போர்டு வெச்சுப்போட்டு, உள்ள பூரா ஆளா இருந்தா சிரிக்க மாட்டாங்களா?”

ரவிக்குமார் முதலில் கையில் எடுத்திருந்தது ஜன்னலோரத்துச் சின்னப் படத்தை. அதை மேசைமேல் கிடத்தியிருந்தார். மருந்தில் நனைத்த பஞ்சு அவர் விரலிடுக்கில் தயாராக இருந்தது. ஆமாம் என்றால் பட்டம் உண்டு, புத்தகம் நிற்கும், தாய் பஞ்சோடு போய்விடுவாள். இல்லை என்றால் தாய் இருப்பாள், முப்பது வருடமாக மேடைமேடையாகச் சொன்னது பொய்யாகிவிடும். நடுவில் நிற்க இடமில்லை. மூக்கம்மா இது எதையும் சட்டை செய்யாமல், மல்லாந்து கிடந்த படத்துக்குள் பறித்துக்கொண்டே இருந்தாள்.

தாயைப் பார்க்கத் திராணியில்லாமல்தான் தபித்தாள் செடிகளைப் பார்த்தாள். சட்டத்திலிருந்து சட்டம்வரை, சரிவு முழுவதும் செடிகள் இடுப்பளவுக்கு ஒரே மட்டமாக நின்றன. அவள் அப்படியே மலைத்துப்போனாள். கூலிக் குடும்பங்கள் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்: கை வைக்காமல் விட்ட தேயிலை நாலு வருடத்தில் தலைக்குமேல் போய்விடும், பிறகு கோடாலி கொண்டுதான் வெட்ட வேண்டும். இடுப்பு மட்டத்தில் ஒரு செடி நின்றால், வாரம் தவறாமல் யாரோ வந்து பறிக்கிறார்கள் என்று அர்த்தம். துரைசானி ஆட்களை விட்டுவிட்டாள். அவர்கள் பறித்துவிட்டுப் போன மட்டத்தை அவளால் விட முடியவில்லை. ஒரு கோடை முழுவதும் எதிரே உட்கார்ந்திருந்தும், மூக்கம்மாவின் வயிற்றில் பிறந்தும், அந்த மட்டம் தன் கண்ணில் படவில்லையே என்று தபித்தாளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

“பஞ்சைக் கீழ வைங்க தம்பி” என்றாள்.

“மேடம்?”

“செடியப் பாருங்க. பறிக்காம விட்டா தேயிலை மரமாயிடும். இவ்ளோ மட்டமா இருக்குன்னா பறிச்ச ஆளு இருந்திருக்கணும்ல? துரைசானி செடியை வரைஞ்ச அன்னிக்கே இவுங்க இங்க இருந்தாங்க. எனக்குத்தான் பாக்கத் தெரியல.”

“அப்ப நைலெக்ஸ் சேலை?”

“அவங்கவங்க பொட்டியில இருந்ததக் கட்டிட்டு வந்திருக்காங்க. வேலைக்கு வர்றவங்க பட்டா கட்டிட்டு வருவாங்க?”

ரவிக்குமார் நல்ல பிள்ளை. கொஞ்ச நேரம் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பஞ்சைக் குப்பையில் போட்டார். தேவநேசனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “அப்போ உங்க புத்தகம் என்னாவறதுங்கம்மா?” என்று இழுத்தார்.

“தப்பு” என்றாள் தபித்தாள். “தப்புன்னு எழுதிக் குடுக்கிறேன்.”

எழுதிக் கொடுத்தாள். பிறகு நடந்ததை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கண்காட்சி நின்றது, பட்டமும் நின்றது. பதிப்பகம் புதுப் பதிப்பை அச்சுக்கு அனுப்பாமல் திருப்பியது. கதை எழுதி எழுதி அம்மாளுக்குக் கதை எது நிஜம் எது என்று தெரியாமல் போய்விட்டது என்று தில்லியில் ஒருவர் கட்டுரை எழுதினார். முப்பது வருடம் சேர்த்த பேர் ஒரு காகிதத்தில் போனால் யாருக்குத்தான் வலிக்காது? தபித்தாளுக்கும் வலித்தது. ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் நாவலும் எழுதவில்லை.

ஆனால் அவள் எழுதாமலே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தேயிலைக்கு வந்த முதல் தலைமுறைக்காரர்கள் முரட்டுக் கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து போன வருடம் வந்து சேர்ந்த பெண்கள் கொழுந்து வெட்டும் கத்திரியும் பையுமாக வந்தார்கள். கதையிலும் வராத, படத்திலும் வராத, யாரும் பேர் கேட்டிராத ஆட்கள். செய்தி பந்தலூருக்கும் சோலூருக்கும் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகசாலையில் கூட்டம் கூடிற்று. வந்தவர்கள் படம் படமாகத் தேடி, தங்கள் ஆளைக் கண்டுபிடித்ததும் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். “சாப்பிட்டியா அத்தே?” என்று ஒருத்தி படத்தைப் பார்த்துக் கேட்டாள், பதில் வராததைப் பொருட்படுத்தாமல் வீட்டுச் சேதியெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். தேவநேசன் ஞாயிறுக்கென்று கூடுதலாகப் பெஞ்சு வாங்கிப் போட்டார்.

தபித்தாள் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள் என்று சொன்னோமல்லவா, கதவைத் திறந்த அந்த மத்தியானம் அவள் நேரே வாசகசாலைக்குத்தான் வந்தாள். ஜன்னலோரத்துப் படத்தில் மூக்கம்மாவைக் காணோம். கிட்டப்போய்ப் பார்த்தபோதுதான், நிரைக்கு நடுவே இறக்கி வைத்த கூடை தெரிந்தது. கூடையில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி மூக்கம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்த நாளில், வெளிச்சம் இருக்கும்போது தன் தாய் உட்கார்ந்து தபித்தாள் பார்த்ததே இல்லை. அவள் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன ஆயிற்றோ என்று சுப்பண்ணன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“சித்த நேரம் உக்காரட்டுமுங்க” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, வெளிச்சம் மூக்கம்மாவின் கண்ணில் அடிக்காதபடி ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டார். தபித்தாள் ஒரு நாற்காலியைப் படத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தானும் உட்கார்ந்தாள்.