கால் நனையாத டைவிங்

சத்தியப்பிரியா அன்றைக்குக் காலையிலிருந்தே வாசலுக்கும் தெருவுக்கும் நடையாய் நடந்தாள். நடக்காமல் என்ன செய்வாள்? முன்பு அந்தமானில், கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிப் பிள்ளைகளைக் கண்மாய் கண்மாயாகக் கூட்டிப்போய்ப் பறவை காட்டினாள். இப்போது காரைக்குடிக்கு வரும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்க்கிறாள். "ஒம் மக என்னதான் வேலை பாக்குறா?" என்று ஊருணிக் காவல் கருத்தையா கேட்கும்போதெல்லாம் அம்மா மலையம்மாள், "ஏதோ பாக்குறாண்ணே" என்பாள். அந்த 'ஏதோ' மகளைச் சுருக்கென்று குத்தும்.

இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் கேட்கும் வேலை ஒன்று வந்தே விட்டது! ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் ஒரு பிரெஞ்சுக் குழு. அதன் தலைவி எலேன், ஆளை நேரில் பார்க்க அவள் ஊரான நாச்சியாபுரத்துக்கே வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? பள்ளிப் பிள்ளைகள் கூடி நிற்க, டைவிங் உடையோடு ஊருணிப் படியில் விறுவிறுவென்று இறங்கினார்.

"ஏத்தா, நிறுத்தச் சொல்லு! குடிக்கிற தண்ணி, கால் வைக்கக் கூடாது!" என்று கருத்தையா அலறினார்.

சத்தியப்பிரியா ஓடிப்போய் மறித்து விஷயத்தைச் சொன்னாள். எலேன் முகம் சுண்டிப்போயிற்று. "அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கு. தண்ணீருக்குள் உன்னைப் பார்க்காமல் எப்படி வேலைக்கு எடுப்பேன்?" என்றார் பிரெஞ்சில்.

வேலை போச்சு! ஆனாலும் அவள் சம்மதம் கேட்டுக் கருத்தையா பக்கம் திரும்பவே இல்லை. "நானே இறங்க மாட்டேன். இது நான் குடித்து வளர்ந்த தண்ணீர்" என்றாள்.

சொல்லும்போதே, தண்ணீர் எடுக்க வந்த அம்மாவின் இடுப்புக் குடம் கண்ணில் பட்டது. அட, கால்தானே கூடாது? குடம் தினமும் இறங்குகிறதே!

தண்ணீருக்குள் படம் பிடிக்கும் எலேனின் ஒயர் கேமராவை நன்றாகக் கழுவி, காலிக் குடத்தின் கழுத்தில் தொங்கவிட்டு மிதக்கவிட்டாள். கரையில் வைத்த திரையில் முதலில் வெறும் பச்சை. பிறகு, ஆத்தாடி! செக்கச்செவேலென்று மொய்க்கும் மீன் குஞ்சுகள். பின்னால் தாட்டியாக ஒரு விரால்.

"அக்கா, குஞ்சத் திங்கப் போகுது!"

"இல்லடா, காவல் காக்குது. நம்ம கருத்தையா மாமா மாதிரி!"

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். "எங்குட்டு? நகருங்கடா!" என்று கருத்தையாவும் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். சத்தியப்பிரியா பிள்ளைகளுக்குத் தமிழிலும் எலேனுக்குப் பிரெஞ்சிலும் மாறி மாறி மூச்சுவிடாமல் பேசித் தீர்த்தாள்.

எலேன் மலையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"என்னத்தா சொல்றாக?"

சொன்னவர் சொன்னபடியே சொல்ல வேண்டும், அதுதான் மொழிபெயர்ப்பவள் கட்டுப்பாடு. "'ஒங்க மகள... நான்...'" என்று இழுத்தாள். அம்மாவை நேராகப் பார்த்து மறுபடி சொன்னாள்: "'ஒங்க மகள நான் அடுத்த மாசமே கூட்டிட்டுப் போறேன். தண்ணியில எறங்காமலே உள்ள இருக்கிறதக் காட்டிட்டா; இப்படி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.'"

மலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருத்தையாவிடம் திரும்பினாள்.

"அண்ணே, எம் மக என்ன வேலை பாக்குறான்னு கேப்பீகள்ல? ஒரு வார்த்தையில முடியாது. உக்காருங்க, சொல்றேன்."