நேசபாய்க்கு இரண்டு நாள் லீவு

குழுவினரின் பெயர்கள் வியாழக்கிழமை வந்தன. மூன்று பேர். திங்களும் செவ்வாயும் எங்கள் கல்லூரியின் தரத்தை மதிப்பிட வருகிறார்கள்.

கல்லூரி தக்கலைக்கும் அருமனைக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. திருச்சபை நடத்துவது. நான் அங்கே வணிகவியல் சொல்லித்தருகிறேன். மதிப்பீட்டுக்கான வேலைகளை ஒருங்கிணைப்பதும் நான்தான். என் மனைவி சுபிதா இறந்த பிறகு சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரம் எனக்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் தந்தார்கள். நான் மறுக்கவில்லை.

பெயர்கள் வந்ததும் எல்லாக் கல்லூரியும் செய்வதை நாங்களும் செய்தோம். வருகிறவர்கள் எங்கே படித்தவர்கள், எங்கே வேலை பார்த்தவர்கள், எதில் பிரியம் உள்ளவர்கள் என்று தேடினோம். தலைவருடைய தன்விவரம் மட்டும் பதினொரு பக்கம் இருந்தது. அதை ஒரு பக்கமாகச் சுருக்கி எல்லாத் துறைக்கும் அனுப்ப வேண்டும். பட்டங்கள், பெரிய பதவிகள், ஆராய்ச்சி, விருதுகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். மீதியை விட்டேன்.

தலைவரின் பெயர் வெங்கடரமணய்யா. சித்தூர்க்காரர். தாவரவியல். ஒரு பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தாவரவியலா?" முதல்வர் சத்தியபாய் மேடம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "கர்த்தர் நம்மள கைவிடல்ல மக்கா. பின்னால காடு பிடிச்சுக் கிடக்க மூலிகைத் தோட்டத்த நாளைக்கே வெட்டித் தெளிக்கச் சொல்லு. ஒவ்வொரு செடிக்கும் பேரு எழுதி வைக்கணும். லத்தீன்ல."

தமிழ்த்துறை கைலாசநாதன் சாருக்கு உபசரிப்பு வேலை. பூதப்பாண்டிப் பக்கத்துச் சைவர். என் காகிதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"என்ன வே, செடியப் பத்திப் படிச்சவருன்னு போட்டிருக்கீரு. செடியத் திம்பாரா, மீனத் திம்பாரா, அது எங்க?"

"கிடைக்கல சார்."

"பின்ன என்னத்தத் தேடினீரு? செரி, அவியலும் வைப்போம், இனயம் கடப்பொறத்துல இருந்து நெய்மீனும் வரும். முத நாள் கை எங்க போகுதுன்னு நான் பாத்துக்கிடுதேன்."

அவர் போன பிறகு மேடம் கதவைச் சாத்தினார்.

"இனி நூலகம்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சுபிதாதான் எங்கள் நூலகர். போன வருடம் ஜூலையில் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் இறந்தாள். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. உதவியாளர் நேசபாய் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்.

"நேசம் பிளஸ் டூ. அவ அங்க இருந்தா, இவளுக்க தகுதி என்னன்னு கேப்பாவ. ரெண்டு நாளும் லீவு எடுக்கச் சொல்லு. பொறுப்பு நூலகர்னு உனக்க பேரு போட்டாச்சு."

"அதுக்குப் பொறவு?"

"இந்த மாசத்தோட அவளுக்க தற்காலிக ஆர்டர் முடியுது. தகுதியுள்ள ஆள எடுக்கணும். எனக்கும் மனசு இல்லாம இல்ல மக்கா. கிரேடு போனா நம்ம எல்லாருக்கும் போச்சு."

நான் சரி என்றேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னேன்.

நேசபாய் தினமும் நாலு மணிக்கு என் மேசையில் ஒரு கிளாஸ் கட்டன்சாயா கொண்டு வைப்பார். சுபிதாவின் அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து இது நடக்கிறது. யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. அன்றும் வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"லீவா? நான் கேக்கலியே சாரே."

"மேடம் சொன்னாங்க."

"பதினாறு வருசத்துல நான் கேட்டு இவிய தந்தது எண்ணிப் பாத்தா கைவிரலுக்குள்ள அடங்கும். இப்ப கேக்காமலே ரெண்டா? கோளுதான், நல்ல யோகம்." சிரித்தார். பிறகு, "அப்ப அங்க யாரு இருப்பா?" என்று கேட்டார்.

"நான்."

என்னைப் பார்த்தார். பதினான்கு மாதமாக நான் நூலகத்துக்குள் போகவில்லை. வேண்டிய புத்தகங்களை அவர்தான் எடுத்து வந்து தருவார்.

"உள்ள வருவியளா?"

"வரணும்."

"இது ரெண்டு நாளோட தீருமா, இல்ல அதுக்குப் பொறவும் நான் வரண்டாமா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆர்டர் மாசக் கடைசியில முடியுது. பொறவு தெரியல," என்றேன்.

தலையை ஆட்டினார். நான் குடிக்காத சாயாவை எடுத்துக்கொண்டு போனார். வாசலில்தான் கவனித்திருக்க வேண்டும். திரும்பி வந்து கிளாசை மறுபடியும் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வெங்கடரமணய்யா மூலிகைத் தோட்டத்தில் நான்கு நிமிடம் நின்றார். ஆடாதோடையின் பலகை நொச்சியின் முன்னால் இருப்பதைக் காட்டினார். மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு நடந்தார். ஒல்லியான மனிதர். நல்ல தமிழ் பேசினார்.

"நூலகம் எங்க?"

நான் முன்னால் போக வேண்டியிருந்தது. போனேன். அலமாரிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளெல்லாம் சுபிதாவின் கையெழுத்து. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மொத்தப் புத்தகங்கள், சஞ்சிகைகள், கணினிகள் என்று எண்களைச் சொன்னேன். எல்லாம் மனப்பாடம். அவர் கேட்டுக்கொண்டே கவுண்டருக்குப் பின்னால் போய் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் கல்லூரிக்கு வந்த பெரிய மனிதர்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

"போன வாரம் எத்தனை பேர் புத்தகம் கேட்டு, கிடைக்காம திரும்பிப் போனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் சத்தியபாய் மேடம் கையை அசைத்தார். யாருமில்லை என்று சொல்லச் சொல்கிறார். சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"தெரியாது சார்," என்றேன். "தெரிஞ்சவங்க வீட்டுல இருக்காங்க. நாங்கதான் வரவேண்டாம்னு சொன்னோம்."

"ஏன்?"

"அவங்க பிளஸ் டூ. உங்க கண்ணுல பட்டா மார்க் குறையும்னு நினைச்சோம்."

கைலாசநாதன் சார் இருமினார். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"கூப்பிடுங்க," என்றார் தலைவர்.

நேசபாயின் வீடு கால்பந்து மைதானத்துக்குப் பின்னால். ஏழு நிமிடத்தில் வந்தார். தலையில் ஈரம் காயவில்லை. வழியில் அவசரமாகப் புடவையைச் சரிசெய்திருந்தார். வந்ததும், தன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். அவர் எழுந்து இடம் விட்டார். நேசபாய் உட்காரவில்லை. வெங்கடரமணய்யா அதே கேள்வியைக் கேட்டார்.

"எட்டு பேரு சாரே," என்றார் நேசபாய். நோட்டைக்கூட எடுக்கவில்லை. "அஞ்சு பேரு கேட்டது வேற பிள்ளைய கையில இரிக்கு, வெள்ளிக்கிழம வந்துரும். ரெண்டு நம்மட்ட இல்ல, வாங்கணும். ஒருத்தன் கேட்டது உலகத்துலயே கிடையாது."

"அது என்ன புத்தகம்?"

"அவன் புத்தகத்துக்கு வரல்ல. இஞ்ச ஒரு பிள்ள இருந்து படிச்சிட்டிருந்தா. அவளப் பாக்க வந்தவன். நான் என்ன வேணும்னு கேட்டதும் வாயில வந்த பேர ஒண்ணு சொன்னான். நானும் விடாம கால் மணிக்கூறு தேடினேன். அவளும் எழும்பிப் போயிட்டா, பாவம்."

வெங்கடரமணய்யா சத்தமாகச் சிரித்தார். கூட வந்த இருவரும் சிரித்தார்கள்.

"இதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னது யாரு?"

"சுபிதா டீச்சர். இந்த சாருக்க வீட்டுக்காரி. இப்ப இல்ல. இருக்க புத்தகத்த ஆரும் எண்ணுவாவ நேசக்கா, நீங்க இல்லாதத எழுதுங்கன்னு சொல்லுவா. நல்ல பிள்ளையாக்கும்."

எனக்கு இது தெரியாது. நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருவேளை சொல்லியிருப்பாள், நான் கேட்டிருக்க மாட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 

"நானும் பிளஸ் டூ முடிச்சதும் கிளை நூலகத்துலதான் சேர்ந்தேன்," வெங்கடரமணய்யா நேசபாயிடம் சொல்வது கேட்டது. "ஆறு வருஷம். சாயங்காலக் கல்லூரியில படிச்சேன். இந்தப் பய மாதிரி ஆளுங்க எனக்கும் வருவாங்க."

மேடம் என்னைப் பார்த்தார். தன்விவரத்தின் பத்தாம் பக்கத்தில் அது இருந்தது. நான்தான் வெட்டியிருந்தேன்.

நாற்பது நிமிடம் இருந்தார்கள். பொருளாதாரத்துக்கும் வேதியியலுக்கும் நேரம் மிஞ்சவில்லை. மத்தியானம் தலைவர் அவியலையும் தொடவில்லை, நெய்மீனையும் தொடவில்லை. தயிர்ச்சாதம் கேட்டார். கைலாசநாதன் சார் அன்று யாரிடமும் பேசவில்லை.

செவ்வாய் மாலை அறிக்கையை வாசித்தார்கள். நூலகர் பணியிடம் காலியாக இருப்பது குறை. நூலக உதவியாளரின் வேலை நிறை. அவரை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறோம். கிரேடு ஒரு மாதம் கழித்துத்தான் வரும்.

கார் கேட்டைத் தாண்டியதும் மேடம் என் முதுகில் ஓர் அடி வைத்தார். "ஏலே, பதினொரு பக்கத்துல அந்த ஒரு வரியையாலே வெட்டுவ?"

"இடம் இல்ல மேடம்."

"இடம் இல்லியாம்!" சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே சபைச் செயலாளரிடம் போனில் சண்டை பிடித்து, அடுத்த நாள் உத்தரவை அடித்து என் கையில் தந்தார். "நீயே கொண்டு குடு."

கொண்டு போனேன். நேசபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே முழுவதும் வாசித்தார்.

"இது எதுவரைக்கும் சாரே?"

"ரிட்டையர் ஆகிற வரைக்கும்."

மடித்துப் பைக்குள் வைத்தார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். இரண்டு பேர் புத்தகத்தோடு காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார். நாளைக்கு ஒரு நாள் லீவு.

"இப்பதானே ரெண்டு நாள் லீவு சொன்னோம்," என்றேன்.

"அது நீங்க தந்தது. இது நான் எடுக்கியது."

பொறுப்பு நூலகர் நான்தான். கையெழுத்துப் போட்டேன். அவர் சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"எட்டே முக்காலுக்குத் திறக்கணும்," என்றார். "பிள்ளைய வெளிய நிப்பாவ."