அசையும் சொத்து

1

இந்தக் கதை ஒரு பீரோவில் முட்டிக்கொண்டதிலிருந்து தொடங்கியது. முட்டிக்கொண்டவள் நான். வீங்கியது கால் சுண்டுவிரல். வலியில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்:

‘நிறுவனச் சட்டம் நீதிமன்றங்களுக்கு வழங்கும் அதிகாரங்களுள் மிகவும்…’

அடித்துவிட்டேன். பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். எதை எழுதினாலும் யாரோ மதிப்பெண் போடப்போகிறார்கள் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை. இரண்டாவது முயற்சி:

‘ஹாலின் நடுவில் பீரோ நின்றது.’

இது இருக்கட்டும். உண்மையும்கூட.

2

இதில் வரும் மகள் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் எங்கள் மேல் வந்த நீதிமன்ற ஆணையில் நான் தனியாக இல்லை. ‘குடும்பத்தினர்’ என்ற சொல்லுக்குள் எங்கோ இருக்கிறேன். அதனால் இங்கேயும் மகள் என்றே போகிறேன். தள்ளி நின்றால் கோபம் அடங்கும். அடங்காதபோது அடைப்புக்குறிக்குள் வருவேன்.

மகளின் அப்பா ஒரு நிதி நிறுவன முதலாளிக்குக் கார் ஓட்டியவர். ஒருநாள் முதலாளி நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டார். பெயருக்குக் கீழே ‘இயக்குநர்’ என்று அச்சாகியிருந்தது. பிறகு நிறுவனம் மூழ்கியது. பணம் போட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். இயக்குநர்கள் எல்லாருடைய சொத்தையும் நீதிமன்றம் முடக்கியது. அசையும் சொத்து, அசையாச் சொத்து எதையும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, எவருக்கும் கைமாற்றவோ கூடாது.

நியாயமான அதிகாரம்தான். வழக்கு முடிவதற்குள் சொத்தைக் கரைத்துவிட்டால், ஏமாந்தவர்கள் தீர்ப்பை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ள வேண்டியதுதான். நிறுவனத்தின் சொத்தோடு நடத்தியவர்களின் சொந்தச் சொத்தையும் பிடித்துவைப்பது அதற்காகத்தான். நான் அதற்கு எதிரி இல்லை.

(ஆனால் முதலாளியின் வீடும் நிலமும் ஆணை வருவதற்கு முன்பே மச்சினன் பெயருக்குப் போய்விட்டன. ஓடத் தெரிந்த சொத்து ஓடிவிட்டது. நின்ற இடத்தில் நின்றவர்தான் மாட்டினார்.)

அப்பா நின்ற இடத்தில் இருந்தது ஒரு பழைய வேன். காரோட்டும் வேலை போனபிறகு சேமிப்பில் வாங்கியது. அதுதான் வீட்டுக்குச் சோறு போட்டது. எஞ்சின் போய்விட்டதால், அதைக் கொடுத்துவிட்டு ஓடுகிற வேன் ஒன்று எடுக்க மெக்கானிக்கிடம் பேசி முடித்திருந்தார். இப்போது அது ஓடவும் ஓடாது, விற்கவும் கூடாது. ஆணைப்படி அது அசையும் சொத்து.

3

ஆணை வந்த அன்று, சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்காக பீரோவை நடு ஹாலுக்கு இழுத்திருந்தார்கள். பெயின்ட் காய்ந்தது. பீரோ திரும்பிப் போகவில்லை.

“அசையும் சொத்தை ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு போட்டிருக்கு” என்றாள் அம்மா.

“ஐயோ அம்மா, விக்கக் கூடாதுன்னு அர்த்தம். நகர்த்தக் கூடாதுன்னு இல்ல.”

“நீ படிச்சவ, எப்படி வேணா வளைப்ப. நாளைக்கு ஆள் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? டைரக்டரா?”

டைரக்டர் என்பது தெருவில் அப்பாவுக்கு விழுந்த பட்டப்பெயர். டைரக்டர் அப்போது வயிற்றை எக்கிக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தார்.

(‘முடங்கிப்போன வாழ்க்கையின் குறியீடாக அந்தப் பீரோ’ என்று ஒரு வரி எழுதினேன். வேண்டாம். அது பீரோ. உள்ளே துணி இருக்கிறது.)

4

மகள் ஒரு வக்கீலிடம் ஜூனியர். சீனியர் சொன்னார்: “ஆணை போட்ட கோர்ட்டுக்கே அதைத் தளர்த்தவும் அதிகாரம் இருக்கும்மா. அப்பா வெறும் டிரைவர்தான்னு பிரமாணப் பத்திரம் போடு. ஆனா டைரக்டர்னு பார்த்தும் ஏன் கையெழுத்துப் போட்டாருன்னு கேப்பாங்க. உண்மையை எழுதணும்.”

உண்மையை அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“ஓட்டுநர்னு போடாம, மரியாதையா இயக்குநர்னு போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். வண்டிய இயக்குறவன் இயக்குநர்தானே?”

அம்மாவுக்குப் புரையேறியது. மகள் சிரிக்கவில்லை.

“இதையே எழுதறேன்ப்பா. கையெழுத்து மட்டும் போடுங்க.”

“கோர்ட்ல வாசிப்பாங்களா?”

“வாசிப்பாங்க.”

“சத்தமாவா?”

“ஆமா.”

“அப்ப வேணாம். திருடன்னு நினைச்சாலும் நினைச்சுக்கட்டும். முட்டாள்னு நாலு பேர் முன்னாடி வாசிக்க வேணாம்.”

5

இப்படி ஓர் அப்பாவை நம்புவீர்களா? எனக்கே சந்தேகம்தான். கதைக்கு வசதி, மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது. கச்சிதமாகப் பொருந்தும். மகளும் பத்திரத்தின் ஒரு வரைவில் அப்படித்தான் எழுதினாள். அப்பா விரல் வைத்து வாசித்தார்.

“அவரு மிரட்டலையே. டீ வாங்கிக் கொடுத்தாரு.”

“அப்பா!”

“பொய்க்குக் கையெழுத்து வேணுமா, உண்மைக்கு வேணுமா? தெளிவா சொல்லு.”

“உண்மைக்கு.”

“உண்மைக்குத்தான் போட மாட்டேன்னு சொல்லிட்டேனே” என்று எழுந்து, பக்கவாட்டில் நடந்து, வாசலில் நின்ற வேனைத் துடைக்கப் போனார்.

(ஓடாத வண்டியைத் தினமும் துடைக்கிறார். இதைக் கற்பனை செய்ய எனக்குத் திறமை போதாது.)

6

மகள் பொறுமை இழந்து தனியாகவே பீரோவைத் தள்ளிப் பார்த்தாள். சுண்டுவிரல் போனது அப்போதுதான். சத்தம் கேட்டு அம்மா வந்தாள்.

“விடுடி. எனக்கு அர்த்தம் தெரியாதுன்னா நினைச்ச?”

“தெரிஞ்சுமா?”

“உங்கப்பா சொன்னா கேக்குற ஆளா? தினமும் இடிச்சுக்கிட்டுப் போகட்டும். கையெழுத்துப் போட்டா பீரோ நகரும்.”

“இது என்ன அநியாயம்!”

“கோர்ட்டுக்கு மட்டும்தான் அதிகாரமா?”

(மூன்றாம் பகுதியில் அம்மாவை ஒன்றும் தெரியாதவளாக எழுதியிருக்கிறேன். திருத்தப்போவதில்லை. நீங்களும் என்னோடு சேர்ந்து ஏமாந்ததாக இருக்கட்டும்.)

பத்திரத்தை, இயக்குநர் என்ற சொல்லில் ஏமாந்த கதை உள்ள அந்தப் பத்திரத்தை, அம்மா பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்தாள். தலை வாரும்போது அப்பாவுக்குத் தன் முகமும் அதுவும் சேர்ந்தே தெரியும்.

7

விசாரணை நாளைக்கு. முடிவு ஒன்று: அப்பா கையெழுத்துப் போடுகிறார், கோர்ட்டில் சிரிக்கிறார்கள், வேன் விடுபடுகிறது. முடிவு இரண்டு: போடவில்லை, வழக்கு முடியும்வரை வேன் துருப்பிடிக்கிறது. முடிவு மூன்று: வாசித்து முடித்ததும் நீதிபதி எழுந்து…

வேண்டாம். அப்படிப்பட்ட நீதிபதி எனக்கு எழுத வரவில்லை.

முடிவை உங்களிடம் ஒப்படைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் இது அப்பாவின் முடிவு. வேனையும் பீரோவையும் விட்டால் அவருக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். எவருக்கும் கைமாற்றக் கூடாது என்று ஆணை இருக்கிறது.

நான் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து பீரோவின் முதுகு மட்டும் தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் அப்பா நிற்கிறார். கீழே அவர் பாதங்கள் தெரிகின்றன. தாள் சரசரக்கிறது. பேனாவா, சீப்பா, எதையோ வைக்கும் சத்தம்.

பிறகு குரல்:

“யாராவது வந்து அந்தப் பக்கம் பிடிங்க.”

போட்டுவிட்டாரா, இடித்து இடித்து அலுத்துவிட்டாரா, தெரியவில்லை. அம்மா அசையவில்லை. எனக்குக் கால் வீங்கியிருக்கிறது.

நீங்கள் வாருங்களேன். கைமாற்றக் கூடாதுதான். கை கொடுக்கக் கூடாது என்று ஆணையில் எங்கேயும் இல்லை.