இரண்டு உள்பாவாடை

பொதியை அவிழ்த்த சாரா உம்மாவின் கை பாதியில் நின்றது.

"என்ன புள்ள இது? துணி காணாதே!"

ஸாஜிதா எட்டிப் பார்த்தாள். பத்து வருடமாக அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பொதி அது. ஸாஜிதாவைப் பெற்ற உம்மா தனக்கென்று வாங்கி, ஹஜ்ஜுக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்தெடுப்பித்த, இறந்தால் உடம்பில் சுற்றுகிற கபன் துணி. நோன்பு மாதம் வந்தால் வெளியே எடுத்து வெயில் காட்டி, பூச்சி உருண்டை மாற்றி, மறுபடி கட்டி வைப்பாள். பெண்ணுக்கு ஐந்து துண்டு வேண்டும். சின்னத் துண்டுகள் மூன்றுக்குத்தான் அதில் துணி இருந்தது. உடம்பு முழுவதையும் சுற்றுகிற பெரிய துண்டு இரண்டுக்கும் இல்லை.

உள் அறையில் உம்மா ஸுலைஹா சாரியால் மூடப்பட்டுக் கிடந்தாள். ஸுபஹுத் தொழுகைக்கு முந்தி, தையல் மெஷினுக்கு முன்னால், கதிரையில் இருந்தபடியே மௌத்தாகிப் போயிருந்தாள்.

"கள்ளன் வந்தாலும் கபன் துணியையா எடுப்பான்?" என்றாள் சாரா உம்மா. ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான்.

குசினி வாசலில் நின்ற அனஸ்தாசியா மூக்கை உறிஞ்சினாள். வன்னியிலிருந்து வந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். ஏழு வருடமாக உம்மாவோடு தையல்.

"அக்காதான் எடுத்தவ. போன கிழமை. வேண்டாமக்கா எண்டு கெஞ்சினனான். எனக்கென்ன இப்ப அவசரம், புத்தளம் போகேக்க வேற வாங்கி வைப்பம் எண்டு சொன்னவ."

"எடுத்து என்ன செஞ்சா?"

அனஸ்தாசியா நாடியால் முன்கூடத்தைக் காட்டினாள்.

அங்கே, தலையில்லாத மரப்பொம்மையின் மேல், அந்த உடுப்பு நின்றது. கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று ஒல்லாந்தர் காலத்து மண்டபம் என்று ஒன்றைக் கட்டியிருந்தது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு துரைசாணியின் உடுப்பை, சித்திரத்தில் உள்ளபடியே, உள்ளுடுப்பு முதல் தைத்துக் கேட்டார்கள். உடம்போடு ஒட்டுகிற சட்டை, அதன்மேல் ஈர்க்குச் செருகிய மார்க்கச்சு, இடுப்பின் இரண்டு பக்கமும் பிரம்புக் கூடு, கூட்டை மூட இரண்டு உள்பாவாடை, அதற்குமேல் நீலப் பட்டுப் பாவாடை, எல்லாவற்றுக்கும் மேலே முன்பக்கம் திறந்த அங்கி. கூடுகளைப் பின்னிக் கொடுத்தவர் வாப்பா லத்தீப். "எறால் கூட்ட இடுப்புல கட்டிக்கிட்டு இவ எந்தக் கதவால போவா?" என்று அவர் கேட்டதற்கு உம்மா இரண்டு நாள் சிரித்தாள்.

உள்பாவாடைக்கு ஹோட்டல் அனுப்பிய துணி துவண்டு விழுகிற நைலோன். கூட்டின்மேல் நிற்கவில்லை. உம்மா போன் எடுத்து நல்ல பருத்தித் துணி கேட்டாள். உள்ளுக்குள் போவதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள், அட்ஜஸ்ட் பண்ணுங்கள் என்று பதில் வந்தது. உம்மாவுக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாது. தான் தைத்தது நிமிர்ந்து நிற்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஸாஜிதா பட்டுப் பாவாடையைத் தூக்கினாள். உள்ளே கபனின் வெள்ளைத் துணி, சோற்றுக் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. அத்தரும் பூச்சி உருண்டையும் கலந்து மணத்தது.

கிழமை நாட்களில் அவள் மதுரங்குளியில் தங்கிப் படிப்பித்தாள். இந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். முந்தாநாள் உம்மா போனில், நெஞ்சுக்குள் கொக்கி மாட்டியது மாதிரி இருக்கிறது என்றாள். "பனடோல் போட்டுட்டுப் படுங்க உம்மா" என்று படித்த மகள் வைத்தியம் சொன்னாள்.

"ஸாஜிதா..." வாசலில் ரொமேனி மிஸ் சால்வையைத் தலைக்குப் போட்டபடி நின்றாள். ஹோட்டலுக்கு உடுப்பு வரைந்து கொடுக்கிற கொழும்புக்காரி. ஒன்பது மணிக்கே வேன் வந்துவிட்டது. "நான் மிச்சம் கவலை. அம்மா மிச்சம் நல்லம். ஆனா ஆறு மணிக்கு கெஸ்ட்ஸ் வருது. உடுப்ப மெதுவா எடுத்துப் போகவா?"

"பொறுங்க."

உம்மாவின் கூடப்பிறந்த நானா உசனார் மாமா வெளியிலிருந்து விரைந்து வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அவருடைய போட்டுகள்தான் ஹோட்டல்காரர்களை டொல்பின் காட்டக் கூட்டிப் போகின்றன. இந்த உடுப்பு வேலையைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

"என்ன பொறுக்கிற? பகல் லுஹர் தொழுகையோட ஜனாஸா. அந்த மனுசிட சாமானக் குடுத்து அனுப்பு."

"அதுக்குள்ள உம்மாட கபன் துணி இரிக்கு மாமா."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு கையை வீசினார். "சரி, போனது போகட்டும். பள்ளியில துணி இரிக்கு. அஞ்சு நிமிசத்துல வரும்."

"பள்ளித் துணி வாணாம். அவ தனக்கெண்டு வெச்சது இது. இதுலதான் போவா."

"பாவாடையாத் தெச்சதுலயா மையித்தச் சுத்தப் போற? படிச்ச திமிர் கதைக்குது!"

"தையலப் பிரிச்சா துணி துணிதான் உசனார்," உள்ளேயிருந்து சாரா உம்மாவின் குரல் வந்தது. "கழுவித் தந்தா நான் சுத்துறன்."

"மையித்த வெச்சிக்கிட்டுச் சுணக்கக் கூடாது. ஒரு மணித்தியாலம் போகும்!"

"இப்ப வந்த அவசரம் முந்தாநாள் எங்க போனது மாமா?" ஸாஜிதாவின் குரல் முற்றத்தில் இருந்த ஆண்களுக்கும் கேட்டது. "நெஞ்சு நோவுது, ஆஸ்பத்திரிக்குப் போகணும் எண்டு உங்களுக்குத்தானே முதல்ல சொன்னா. என்ன சொன்னீங்க? இன்னும் ரெண்டு நாள்தானே, முடிச்சிட்டுப் போவம் எண்டு. இஞ்சி போட்டு பிளேன்ரீ குடி எண்டு. முடிச்சிட்டா. இந்தா நிக்கிது, பாருங்க, ஒரு தையல் பிசகில்ல."

"வாய மூடு! பெரிய மனிசர் இருக்கிற இடத்துல..."

"எடு மகள்."

சொன்னது லத்தீப். காலையிலிருந்து கிணற்றடியில் ஒரு சொல் பேசாமல் இருந்த மனிதர். உசனார் திரும்பிப் பார்த்தார். லத்தீப் அவரைப் பார்க்கவில்லை. வாளியைக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

ரொமேனி மிஸ்ஸுக்குப் பாதி விளங்கியது. பொம்மையிலிருந்து உடுப்பு ஒவ்வொன்றாகக் கழன்றபோது மீதியும் விளங்கியது. "ஐயோ, அது இல்லாட்டி ஸ்கர்ட் நிக்காது! கூடெல்லாம் தெரியும்!"

"உள்ளுக்குள்ளதானே மிஸ். அட்ஜஸ்ட் பண்ணுங்க."

சவர பிளேடை இரண்டாக முறித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு ஸாஜிதாவும் அனஸ்தாசியாவும் பாயில் இருந்தார்கள். கபன் துணியில் வேற்று மதக்காரி கை வைப்பதா என்று யாரோ ஒரு பெண் முணுமுணுத்தாள். "தைக்கேக்க இரிந்த கைதானே? நீ வந்து பிரிக்கிறியா?" என்றாள் சாரா உம்மா. அந்தப் பெண்ணும் வந்து இருந்தாள்.

உம்மாவின் கைத்தையல் கடுகு கடுகாக இருந்தது. பிரிக்க விடவில்லை. இடுப்புப் பட்டியைக் கழற்றிக் கொசுவங்களை விரித்தபோதுதான் ஸாஜிதா கண்டாள்: துணியின் அகலத்தையே பாவாடையின் உயரமாக்கி, நீளத்தை அப்படியே சுற்றித் தைத்திருந்தாள். கத்திரிக்கோல் பட்டது ஒரேயொரு இடத்தில், ஒரு பாவாடையை மற்றதிலிருந்து பிரிக்க. ஒரு முழத் துணியும் வீணாகியிருக்கவில்லை. ஆள் நீளத்துக்கு இரண்டு துண்டு.

அனஸ்தாசியாவும் அதைக் கண்டாள்.

லத்தீப் இறைத்துத் தர, கஞ்சி போகும்வரை மூன்று தண்ணீரில் அலசினார்கள். ஆடி மாதக் கடற்காற்று கொடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே குளிப்பாட்டி முடிவதற்குள் துணி காய்ந்துவிட்டது. சாரா உம்மா விரித்த துணியில் கொசுவம் இருந்த இடமெங்கும் ஊசித் துளை, வரிவரியாக. ஸாஜிதாவும் இன்னும் நான்கு பெண்களும் தூக்கி உம்மாவை அதில் கிடத்தினார்கள். சாம்பிராணி பிடித்தார்கள். ஸாஜிதா முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். சாரா உம்மா மடித்துக் கட்டினாள்.

மையித்தை வைத்த சந்தூக்கு வெளியே வந்தபோது ரொமேனி மிஸ் அப்போதுதான் உடுப்பை வேனுக்குள் ஏற்றி முடித்திருந்தாள். உசனார் முன்னால் ஓடி வேன்காரனிடம் கையை ஆட்டினார். ஒழுங்கை ஒடுக்கம், இரண்டு பக்கமும் கிடுகு வேலி. வேன் வீட்டை நோக்கி மூக்கை நீட்டியபடி நின்றது. திருப்ப இடமில்லை. பள்ளிக்கும் அந்த வழிதான், ஹோட்டலுக்கும் அந்த வழிதான். சந்தூக்கைத் தோளில் வாங்கியவர்கள் யாருக்காகவும் நிற்கவில்லை.

வேன்காரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்தபடி, பின்னுக்கு எடுக்கத் தொடங்கினான். ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் நடக்கிற வேகத்துக்கு, நாலு முழம் முன்னால், வேன் பின்னோக்கிப் போனது. முன் ஆசனத்தில் ரொமேனி மிஸ் சந்தூக்கைப் பார்த்தபடியே இருந்தாள். நீலப் பட்டு அவள் மடியில் குவிந்து முன்கண்ணாடியில் அப்பியிருந்தது.

பெண்கள் வாசல் படலையோடு நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் அவர்கள் போவதில்லை. ஒழுங்கை திரும்பும்வரை வேன் தன் மூக்கைத் திருப்பவில்லை.