ஐந்து வார ஆப்பிள்

வேலையை விட்டுவிட்டு ஆப்பிள் மது தயாரித்து விற்கப் போவதாக அத்தான் சொன்னதிலிருந்து அக்கா அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நான் வேதியியல் படித்தவள். அதனால் மதுவை முதலில் சுவைத்துப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார் அத்தான். அதுவரை நான் மதுவைத் தொட்டதில்லை.

"நல்லா இல்லைன்னு மட்டும் சொல்லிடுடீ. உன் பேச்சைத்தான் கேப்பார்," என்று அக்கா சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையாட்டினேன்.

ஐந்து வாரமாகப் போர்வை போர்த்தி வைத்திருந்த ஜாடியிலிருந்து அத்தான் ஊற்றினார்.

"பயப்படாம குடி, விஞ்ஞானி. செத்துட்டா நான் பொறுப்பு."

"அதுக்கு மட்டும் பொறுப்பு இருக்கு," என்றாள் அக்கா.

ஆப்பிள் ஜூஸின் இனிப்பை எதிர்பார்த்தேன். இனிப்பே இல்லை. சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றிருந்தது. மெல்லிய புளிப்பும் தோலின் துவர்ப்பும் மட்டும் நாக்கில் நின்றன. விழுங்கிய பிறகுதான் ஆப்பிள் வாசனை மெதுவாக மூக்கில் ஏறியது. உறுதி செய்துகொள்ள இன்னொரு வாய் குடித்தேன். பிறகு இன்னொன்று.

"எப்படி இருக்கு?" அத்தானின் குரல் இறங்கியிருந்தது.

சொல்ல வேண்டியது தயாராகவே இருந்தது. வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பார்த்துவிட்டாள். காலி கிளாஸை அத்தானிடம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

"நல்லா சொன்னே போ!"

கிளாஸைப் பிடுங்கினாள். ஐந்து வாரமாக அந்த ஜாடிப் பக்கமே போகாதவள், அந்தக் கிளாஸை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கும் ஊத்துங்க. எதுக்காக வேலையை விடப் போறீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."