எல்லோருக்கும் திறந்திருந்த புத்தகம்

வினோஜ் அந்தப் பாழுங்கிணற்றுக்குள் விளக்கை இறக்கிய சனிக்கிழமைதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. எனக்கு ஒன்று பிடித்தால் பிடித்ததுதான், லேசில் விடாது.

கிணறு நிஜமல்ல, விளையாட்டில் வருவது. நாங்கள் மூன்று பேர் ஓர் இணையதளத்தில் கூடி விளையாடுகிறோம். கதை சொல்பவள் நான். வினோஜும் சிஜோவும் கதைக்குள் வரும் வீரர்கள். எங்கே போகிறோம், என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைத் திரையில் உருளும் பகடை முடிவு செய்யும். கல்லூரியில் ஒரே வகுப்பு நாங்கள். வினோஜ் சுசீந்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். சிஜோ முட்டத்துக்காரன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நான் நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வாரம் முழுக்க யாரோடும் பேச்சில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இந்த மூன்று மணி நேரம்தான் நான் வாய்விட்டுச் சிரிப்பது. அதுவும் போய்விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

விளையாட்டுக்கான புத்தகங்களை அந்தத் தளத்திலேயே வாங்க வேண்டும். ஒருவர் வாங்கிப் பகிர்வுப் பொத்தானை அழுத்தினால் போதும், கூட விளையாடுகிறவர்களும் வாசிக்கலாம். எல்லாவற்றையும் நான்தான் வாங்கினேன். விதிகள் அடங்கிய புத்தகங்கள் மூவருக்கும் பொது. ஆனால் கதைப் புத்தகம் கதை சொல்பவளுக்கு மட்டும். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் துரோகி என்பதெல்லாம் அதில் இருக்கும். வீரர்கள் அதை வாசித்துவிட்டால் விளையாட்டு செத்தது. முன்பு எங்களோடு செல்வன் என்றொருவன் இருந்தான். ஒரு பூதத்தை எப்படிக் கொல்வது என்று எங்கோ தேடிப் பார்த்துவிட்டு வந்தான். தெரிந்த அன்றே அவனை நீக்கினேன். அதன் பிறகு அவன் போனைக்கூட நான் எடுத்ததில்லை.

அந்தக் கிணற்றின் அடியில் விஷக்காற்று. இறங்குகிறவன் மூச்சடைத்து விழுவான், மற்றவன் பதறுவான் என்று ஒரு வாரமாக அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். வினோஜோ அலட்டிக்கொள்ளாமல், ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் கீழே இறக்குவதாகச் சொன்னான். விளக்கு அணைந்தது, கீழே நல்ல காற்றில்லை என்று தெரிந்துபோயிற்று. இருவரும் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். பழைய கிணறு என்றால் அப்படித்தானே பார்ப்பார்கள் என்றான். யார் பார்ப்பார்கள்? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர்தான். மழுப்புகிறான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த சனிக்கிழமைக்குக் கண்ணி வைத்தேன். புத்தகத்தின்படி கோட்டைச் சாவி ஒரு பாழடைந்த கோயிலில், பீடத்துக்கு அடியில் இருக்கும். நான் அதை மடைப்பள்ளிக்கு மாற்றிவிட்டேன். பீடத்தை எவன் பெயர்க்கிறானோ அவன்தான் வாசித்த கள்ளன். அன்று இருவரும் ஒரு பானை விடாமல் உருட்டினார்கள், தூண்களைத் தட்டினார்கள், கூரையில் ஏறினார்கள். பீடத்துப் பக்கம் மட்டும் எட்டியும் பார்க்கவில்லை. எனக்கு அது போதும். தெரியாதவன் எல்லா இடத்திலும் தேடுவான், தெரிந்தவன்தானே அந்த ஓர் இடத்தை மட்டும் ஒதுக்குவான்? பீடத்தைத் தொட்டிருந்தாலும் அவனைக் கள்ளன் என்றுதான் சொல்லியிருப்பேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டேன்.

"வினோஜ், நீ கதைப் புத்தகத்த வாசிச்சியா?"

இல்லை என்றான். உன் கண்ணில்கூடப் படவில்லையா என்றேன். அதற்கு அவன் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டேன். கள்ளன் என்றேன். இரண்டு வருடமாக என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்திருக்கிறாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் திரையிலிருந்து மறைந்தான்.

சிஜோ மட்டும் இருந்தான்.

"ஏட்டி, அவனுக்க சித்தப்பா கெணத்துல தூர் வார இறங்கித்தானே செத்தாரு. நாம எல்லாரும் போனமே, மறந்திட்டியா?"

போனோம். மாலை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். எப்படி இறந்தார் என்று நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கு அவர் விளக்கை இறக்கிப் பார்க்காமல் இறங்கிவிட்டாராம். சரி, பீடத்தை ஏன் தொடவில்லை என்று கேட்டேன். கும்பிடுகிற பீடத்தை எவனாவது பெயர்ப்பானா, விளையாட்டு என்றாலும் கை வருமா என்று சிஜோ எரிச்சலோடு கேட்டான். சின்ன வயதில் மாதா கோயில் பீடத்தில் ஏறியதற்காகப் பங்குச் சாமியாரிடம் அடி வாங்கியவன் அவன்.

அப்போதும் என் மனம் அடங்கவில்லை. வாயால் ஆயிரம் சொல்லலாம், ஆதாரம் வேண்டும் என்று தளத்தின் பகிர்வுப் பக்கத்தைத் திறந்தேன். 'அனைத்தையும் பகிர்' என்பதில் குறி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, முதல் நாள் அவசரத்தில், நானே போட்ட குறி. கதைப் புத்தகமும் அன்றிலிருந்தே அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் கிடந்திருக்கிறது. அப்படியானால் வாசித்துத்தான் இருக்கிறார்கள் என்று கீழே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் கீழும் அதைத் திறந்தவர்களின் பெயர்கள் இருந்தன. விதிப் புத்தகங்களின் கீழே மூன்று பெயர்கள். கதைப் புத்தகத்தின் கீழே ஒரே ஒரு பெயர், என்னுடையது.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் வினோஜ் எடுத்தான். மன்னித்துவிடு என்றேன். புத்தகம் அங்கே கிடந்ததை நீ பார்க்கவே இல்லையா என்று கேட்டேன்.

"கண்டேன். மொத நாளே கண்டேன். தொறக்காதலேன்னு சிஜோட்டயும் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, நாங்க வாசிக்கல்லன்னு நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அன்றைக்கே ஆட்டத்தை மூடியிருப்பேன், செல்வனைப் போல இவர்களையும் விரட்டியிருப்பேன். அது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. எனக்கு இந்தச் சனிக்கிழமைகளை விட்டால் வேறொன்றும் இல்லை என்பதும் தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் வா வினோஜ் என்று கெஞ்சினேன்.

"கள்ளன்னு பேரு வாங்கியாச்சுல்லா சுபி. இனி வாசிச்சா என்ன?"

போனை வைத்துவிட்டான். பகிர்வுப் பக்கம் என் முன்னால் திறந்தபடியே இருந்தது. அந்தக் குறியை எடுத்துவிட்டால் அவனால் வாசிக்க முடியாது. ஆனால் எடுத்தால், இன்னமும் உன்னை நம்பவில்லை என்று நானே மறுபடி சொன்னதாகிவிடும். கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் திறக்க மாட்டான் என்று முதல்முறையாக நம்பிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில், கதைப் புத்தகத்தின் கீழே என் பெயருக்குப் பக்கத்தில் வினோஜின் பெயர் வந்தது.